சமுத்திரம் தோட்டத்துத் தீ

மாசி பாதி கடப்பதற்குள் சமுத்திரத்தின் கிணறு வற்றிவிட்டது. பெயரை வைத்து அவனைக் கேலி செய்யாத ஆள் ஊரில் இல்லை. "சமுத்திரம் வீட்டுல ஒரு செம்புத் தண்ணி கிடைக்குமாலே?" என்று வழியில் போகிறவர்களெல்லாம் கேட்டார்கள். அவனும் சிரித்து வைத்தான். ஒன்றரைக் குறுக்கம் நிலத்தில் கத்தரிச்செடி துவண்டு நிற்கும்போது சிரிப்பது லேசான காரியமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புக்குப் போகும் வண்டிப்பாதையில், கண்மாயை ஒட்டி இருந்தது மேலக்கரை. அறுபது வீடு இருக்கும். அது 1943ஆம் வருஷம். யுத்தம் எங்கேயோ நடந்தாலும், மண்ணெண்ணெயும் இரும்பும் சீனியும் அதற்குப் பயந்து ஊரைவிட்டே ஓடிப்போயிருந்தன.

கிணற்றுக்குப் பக்கத்தில் துளைபோட்டுப் பார்த்தால் தண்ணீர் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, சமுத்திரம் தேவஇரக்கத்தைக் கூட்டிவந்தான். தேவஇரக்கம் துளைபோடும் மேஸ்திரி. திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் தொழிற்பள்ளியில் படித்தவர். சட்டைப்பையில் சிறிய பைபிளும், இடுப்பில் பெரிய ஸ்பேனரும் எப்போதும் இருக்கும். மூன்று கம்பு நட்டு, கப்பி கட்டி, நாலு ஆட்கள் சுற்றிச்சுற்றி நடந்து இரும்புத் தண்டைத் திருக, ஐந்து நாளில் நாற்பத்தைந்து அடி இறங்கியது; துளைக்குள் இரும்புக்குழாயும் கூடவே இறங்கியது.

ஆறாம் நாள் கறுப்புக் களிமண் வந்தது. அதில் மக்கிய மரத்துண்டுகளும் இலைச் சருகுகளும் அப்படியே ஒட்டியிருந்தன. தேவஇரக்கம் ஒரு துண்டை மூக்கருகே வைத்துப் பார்த்தார். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறக்கும் முன்பே பூமிக்குள் உறுமல் கேட்டது. குழாய் வாயிலிருந்து சேறு ஓர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது.

"தண்ணி! தண்ணி வந்துட்டுலே!" என்று சமுத்திரம் குதித்தான். சேறு அடங்கியபின் புஸ்ஸென்று காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறதென்று பார்க்க அவன் குழாய் மேலே குனிந்தான். வாயில் பீடி இருந்தது.

"பீடிய..." என்று தேவஇரக்கம் கத்தியது பாதியிலேயே நின்றது. பொப்பென்று ஒரு சத்தம். சமுத்திரம் பின்பக்கமாக விழுந்து எழுந்தபோது, ஊரே மெச்சிய அவனுடைய மீசை முகத்தில் இல்லை. புருவமும் இல்லை. குழாய் வாயில் முழ உயரத்துக்கு நீலமாக ஒரு தீ நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் ஊர் கூடிவிட்டது. ஒருவர் சூடம் கொண்டுவந்தார். இன்னொருவர் தேங்காய் உடைத்தார். தேவஇரக்கம் கையை உயர்த்தி எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார்.

"சாமியுமில்ல, பேயுமில்ல. எந்தக் காலத்துலயோ இங்க சதுப்பு நிலம் இருந்திருக்கு. மரமும் செடியும் மக்கி, மேல களிமண் மூடிக்கிடந்திருக்கு. உள்ளேயே அடைபட்ட காத்து இது. கண்மாய்ச் சேத்தை மிதிச்சா முட்டை முட்டையா வருமே, அதேதான். இங்கிலீஷ்ல கேஸ்ம்பாங்க."

சமுத்திரத்தின் மனைவி வெள்ளைத்தாய் அப்போதுதான் செண்பகத்தோப்புக் காட்டிலிருந்து வந்தாள். தலையில் விறகுக்கட்டு. விடியுமுன்னே கிளம்பி, காட்டைக் காவல் காக்கும் கார்டு கண்ணில் படாமல் சுள்ளி பொறுக்கி, கண்ணில் பட்டால் அவனுக்கு வெற்றிலைக்கு ஏதாவது கொடுத்து, வெயில் ஏறியபின் வீடு திரும்புவது பதினாலு வருஷமாக அவள் பாடு. புருஷன் முகத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்தாள். ஆள் முழுசாக இருக்கிறான் என்று தெரிந்ததும் தீயைப் பார்த்தாள்.

"மேஸ்திரி, இது எம்புட்டு நேரம் எரியும்?"

"சொல்ல முடியாது தாயி. ஒரு நாளும் எரியலாம், ஒரு வருஷமும் எரியலாம்."

அவள் விறகுக்கட்டைத் தொப்பென்று கீழே போட்டாள். வீட்டுக்குப் போய்க் கம்பங்கூழ்ப் பானையோடு திரும்பி வந்தாள். தீயைச் சுற்றி மூன்று கல்லை வைத்துப் பானையை ஏற்றினாள். புகையில்லை, ஊத வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தை இடமும் வலமுமாகத் திருப்பிப் பார்த்தாள். கூழ் கொதித்தபோது கூட்டத்தில் யாரும் சூடத்தைப் பற்றிப் பேசவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுப் பானையை எடுக்கப் போனார்கள்.

தேவஇரக்கம் ஒரு திருகுமூடி பொருத்தி, கிளைக்குழாய் விட்டு, வரிசையாக ஆறு அடுப்பு அமைத்துக் கொடுத்தார். சமுத்திரத்துக்குத் தண்ணீர் கிடைக்கவில்லையே என்ற சங்கடம் அவருக்கு. அதைப் போக்கிக்கொள்ள அவர் செய்த வேலை அது. அந்தத் தெருவில் பதினோரு பெண்கள் காட்டுக்குப் போவதை நிறுத்தினார்கள். செண்பகத்தோப்பு கார்டு ஒரு நாள் மேலக்கரைக்கே வந்து, "என்னம்மா, எல்லாருக்கும் உடம்புக்குச் சொகந்தானா?" என்று அக்கறையாக விசாரித்துப் போனான்.

சேதி ராஜபாளையத்துக்கு எட்ட ஒரு வாரம் ஆனது. அங்கிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கினார் சஞ்சீவி ராஜா. பருத்த உடம்பு, வெள்ளைத் துணித் தொப்பி, எதைக் கண்டாலும் ஆச்சரியப்படும் கண்கள். அவர் காயத்துக்குக் கட்டும் துணி தயாரிப்பவர். சிப்பாய்களுக்காக மதராஸிலிருந்து பெரிய ஆர்டர் வந்திருந்தது. நெய்த துணியைக் காரச்சோடா போட்டுப் பல மணி நேரம் கொதிக்க வைத்தால்தான் அது ரத்தத்தை உறிஞ்சும். கொதிக்க வைக்க விறகில்லை. நிலக்கரி ரயில்வேக்கே போதவில்லை.

"இங்க கேஸ் இருக்குன்னாங்களே?" என்றார்.

"இருக்கு முதலாளி. உங்களுக்கு என்ன வேணும்?" என்றான் சமுத்திரம்.

"என்கிட்டயும் காஸ் இருக்கு. காஸ் துணி. உன் கேஸ்ல என் காஸை வேக வைக்கணும்." சொல்லிவிட்டு அவரே குலுங்கிச் சிரித்தார். தீயைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். "பாகுந்தி, பாகுந்தி" என்று தெலுங்கில் மெச்சிக்கொண்டார். வெள்ளைத்தாய்க்கு வார்த்தை தெரியாவிட்டாலும் அவர் முகத்தைப் பார்த்தே புரிந்தது.

பேச்சு நடந்தபோது சமுத்திரம் குத்தகையைப் பற்றிப் பேசினான். வெள்ளைத்தாய் இரண்டே விஷயம் கேட்டாள். ஆறு அடுப்பும் தெருப் பெண்களுக்கு எப்போதும் இருக்க வேண்டும். துணி வேகவைக்கும் கொப்பரை வேலைக்கும் அந்தப் பெண்களையே எடுக்க வேண்டும். ராஜா இரண்டுக்கும் தலையாட்டினார்.

சித்திரைக்குள் சமுத்திரத்தின் தோட்டம் தோட்டமாக இல்லை. நாலு செப்புக் கொப்பரைகள் வந்தன. கண்மாய்த் தண்ணீரில் வேகவைத்து அலசிய துணிகள் கொடிகளில் வெள்ளை வெளேரென்று பறந்தன. வண்டிப்பாதையில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, மேலக்கரையில் என்ன கல்யாணமா என்று கேட்டார்களாம். பெண்கள் கையில் வாரக்கூலி புழங்கியது. தெருவில் இரண்டு புதுக் கூரை ஏறியது. வெள்ளைத்தாய் வேலை ஏவுகிற கங்காணியாகிவிட்டாள். தலையில் சுமந்த காலத்தில் அவளிடம் இல்லாத நிமிர்வு ஒன்று இப்போது நடையில் வந்திருந்தது.

ஒரு துளைக் காற்று நாலு கொப்பரைக்குப் போதவில்லை. ராஜா இன்னும் மூன்று துளை போடச் சொன்னார். தேவஇரக்கம் தலையைச் சொறிந்தார்.

"குழாயை அடிவரைக்கும் இறக்கணும் முதலாளி. இல்லாட்டிக் காத்து பக்கவாட்டுல போயிரும். இப்ப இரும்புக்குழாய் எங்க கிடைக்கு?"

"கிடைச்ச மட்டுக்கும் இறக்கும். துணி ஏத்த வெள்ளிக்கிழமை லாரி வருது."

கிடைத்த மட்டுக்கும் இறக்கினார். மூன்றிலும் குழாய் பாதி ஆழம்தான் போனது. அதிலும் கடைசித் துளையில் காற்று மூர்க்கமாக வந்தது. அதை அடக்கும் திருகுமூடி மதுரையிலும் கிடைக்கவில்லை. சும்மா விட்டால் ஆபத்தென்று பற்றவைத்து விட்டார்கள். பனை உயரமில்லை என்றாலும் இரண்டு ஆள் உயரத்துக்கு அது ஓயாமல் உறுமிக்கொண்டு எரிந்தது. பக்கத்துப் புளியமரம் ஒரு பக்கம் முழுதும் கருகியது. குருவிகள் போய்விட்டன. மிச்சமிருந்த கத்தரிச்செடிகள் அப்பளமாக நொறுங்கின. துளைகளிலிருந்து காற்றோடு வந்த உப்புத்தண்ணீர் வாய்க்காலில் இறங்கிக் கண்மாய்க்குப் போனது.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை, குருவம்மாள் குடத்தோடு வந்தாள். அடுத்த தோட்டத்துக்காரி. வெள்ளைத்தாய்க்கு மைனி முறை. அந்தப் பக்கத்தில் கோடையிலும் வற்றாத கிணறு அவளுடையதுதான். பாதித் தெரு அதில்தான் தண்ணீர் எடுத்தது. குடத்தை வெள்ளைத்தாயின் காலடியில் வைத்தாள்.

"குடிச்சுப் பாருட்டி."

"என்ன மைனி?"

"குடிச்சுப் பாருன்னா பாரு."

வெள்ளைத்தாய் கையில் ஊற்றி வாயருகே கொண்டுபோனாள். அழுகின முட்டை நாற்றம். உதட்டில் பட்டதைத் துப்பினாள்.

"நாலு நாளா இப்படித்தான். என் மாடு கிட்டப் போய் மோந்துட்டு முகத்தைத் திருப்பிக்கிடுது. உள்ள சோறு கொதிக்க மாதிரி கொப்பளிக்கி. கண்மாயில மீன் மிதக்குதாம், நீ போய்ப் பாத்தியா? எங்க போவ, உனக்குத்தான் வேலை தலைக்கு மேல கிடக்கே."

கடைசி வார்த்தை வெள்ளைத்தாயைச் சுருக்கென்று தைத்தது. "நான் என்ன உங்க கிணத்துல விசமா கலந்தேன்?" என்று பதிலுக்குக் கத்திவிட்டாள். குருவம்மாள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். அன்று முழுவதும் கொப்பரை வேலை நடந்தது. வெள்ளைத்தாய் குடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாளே தவிர, அதை எடுத்து ஓரமாக வைக்கவில்லை.

மறுநாள் வெள்ளைத்தாய் தேவஇரக்கத்தைக் கூட்டிக்கொண்டு குருவம்மாளின் கிணற்றுக்குப் போனாள். அவர் கிணற்றுப் படியில் இறங்கி, ஒரு செம்பைத் தண்ணீரில் முக்கி நிரப்பிக் கயிற்றில் தலைகீழாகத் தொங்கவிட்டு, குமிழிகளை அதில் பிடித்தார். வாயைக் கையால் பொத்தி மேலே கொண்டுவந்து, கிணற்றைவிட்டு நாற்பதடி தள்ளிப் போய்த் தீக்குச்சி காட்டினார். பொப்பென்று நீலமாய் எரிந்து அணைந்தது.

தேவஇரக்கம் கிணற்றுமேட்டில் உட்கார்ந்துவிட்டார். "குழாய் பாதியில நிக்குல்லா தாயி, அதான். காத்து களிமண்ணுக்குள்ள வழி பாத்து இங்க வந்திருக்கு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போட்டேன்."

"இப்பச் சொல்லி என்ன செய்ய? அடைக்க முடியுமா, முடியாதா?"

"முடியும். மூணையும் அடிவரைக்கும் களிமண் வச்சு அடைக்கணும். முதல் துளை பரவாயில்ல, அதுல குழாய் முழுசா இருக்கு."

வெள்ளைத்தாய் அன்று மதிய ரயிலில் ராஜபாளையம் போனாள். துணியில் மூடிய ஒரு செம்பு கையில் இருந்தது. பெட்டியில் இருந்தவர்கள் மூக்கைச் சுளித்து நகர்ந்து உட்கார்ந்ததில் அவளுக்கு வசதியாக இடம் கிடைத்தது.

சஞ்சீவி ராஜா துணிக்கட்டுகளுக்கு நடுவே நின்றிருந்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"ஏம்மா, யுத்தத்துல கையும் காலும் போய்க்கிடக்கான் சிப்பாய். அவனுக்குக் கட்டு வேண்டாமா? ஒரு கிணறு கெட்டா இன்னொரு கிணறு வெட்டித் தாரேன்."

"எங்க வெட்டுவீங்க முதலாளி? அந்தப் பக்கம் எங்க வெட்டினாலும் இந்தத் தண்ணிதான் வரும். ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

"நான் என்னத்துக்குக் குடிக்கணும்?"

"நாங்க குடிக்கோமில்லா."

ராஜா செம்பைப் பார்த்தார். கட்டு கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். ஒரு மடக்குத் தண்ணீருக்குப் பயந்தவர் என்று பெயர் வாங்க அவருக்கு மனமில்லை. எடுத்து ஒரு வாய் ஊற்றினார். கண்கள் முன்னெப்போதையும்விட அகலமாக விரிந்தன. வாசலுக்கு ஓடித் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, மறுபடியும் கொப்பளித்துத் திரும்பி வந்தார்.

"இதையா குடிக்கீங்க?"

"புள்ளைகளும் இதான் குடிக்கு."

அவர் துணிக்கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "இந்த வெள்ளிக்கிழமை லாரி போகட்டும். சனிக்கிழமை அடைச்சிருங்க. நானும் வாரேன்" என்றார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் வேலை பாக்கோம். தண்ணி நீங்க அனுப்பிருங்க."

மறுநாளிலிருந்தே ராஜபாளையத்திலிருந்து வண்டியில் பீப்பாய் பீப்பாயாக நல்ல தண்ணீர் வந்தது. வெள்ளைத்தாய் முதல் குடத்தைத் தானே சுமந்து போய்க் குருவம்மாள் வாசலில் வைத்தாள். குருவம்மாள் எட்டிப் பார்த்தாள். "வச்சுட்டுப் போ" என்றாள்.

சனிக்கிழமை காலையில் தெருவே களிமண் மிதித்தது. தேவஇரக்கம் சொன்ன பதத்துக்கு, சப்பாத்தி மாவு மாதிரி இறுகலாகவும் ஒட்டலாகவும். பெண்கள் அதை உருட்டி உருட்டிக் குவித்தார்கள். ஊரில் ஒரு அடுப்பும் எரியக்கூடாது என்று உத்தரவு. சமுத்திரத்தின் மடியைத் தடவிப் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் வெள்ளைத்தாய் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடைக்க வேண்டிய மூன்றில் இரண்டு துளைகள் சொன்னபடி கேட்டன. உருண்டையைப் போட்டு இரும்புத் தண்டால் இடித்து, மறுபடி போட்டு, மறுபடி இடித்து, மதியத்துக்குள் இரண்டும் மௌனமாகிவிட்டன. மூன்றாவதுதான் உறுமிக்கொண்டு நின்றது. எரிகிற வாயில் யார் மண் போடுவது? நனைத்த சாக்கை வீசிப் பார்த்தார்கள். காற்று அதைத் தூக்கி எறிந்தது. மண்ணை வாரி இறைத்தார்கள். தீ குனிந்து நிமிர்ந்து அவர்களைப் பார்த்து ஆடியது.

வெள்ளைத்தாய் கொப்பரைகளைத் திரும்பிப் பார்த்தாள். கடைசிக் கொப்பரையில் அலசாத துணி மலையாகக் கிடந்தது. தண்ணீர் குடித்துக் கனத்து, பத்துப் பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும்.

"முதலாளி, அது வேணும்."

"அது அடுத்த லாரிக்குள்ளது!" என்றார் ராஜா. சொல்லி முடிப்பதற்குள் தீயின் அனல் அவர் முகத்தில் அடித்தது. "எடுங்க, எடுங்க" என்று கையை வீசினார். எடுங்க என்று சொன்னவர் தானும் ஒரு முனையைப் பிடித்தார்.

கஞ்சி வடிகிற மாதிரி தண்ணீர் சொட்ட, பதினோரு பெண்களும் சமுத்திரமும் ராஜாவும் அந்த ஈரமலையைச் சுமந்தார்கள். வெள்ளைத்தாய் முன்னே நடந்தாள். அடுப்பங்கரையிலேயே வாழ்ந்தவள், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, தீ எந்தப் பக்கம் சாயும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று தடவை நில்லுங்க என்றாள். நாலாவது தடவை, "போடு!" என்றாள்.

சொய்யென்ற சத்தத்தில் காதே அடைத்துவிட்டது. வெள்ளை ஆவி எல்லோரையும் மூடியது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆவி விலகியபோது உறுமல் இருந்தது, தீ இல்லை. தேவஇரக்கம் ஓடிவந்து துணிக்கு அடியில் கையை விட்டு முதல் உருண்டையைத் திணித்தார். நூற்றுக்கும் மேல் உருண்டைகள் போயின. பொழுது மேற்கு மலைமேல் சாயும்போது உறுமல் முனகலாகி, முனகல் நின்றது. ஊர் இத்தனை அமைதியாக இருக்கும் என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

சஞ்சீவி ராஜா கறுத்துப்போன துணிக்குவியலைக் காலால் தள்ளிப் பார்த்தார். "சிப்பாய்க்குப் போகவேண்டிய கட்டு. முதல் காயம் இங்கல்லவா பட்டிருக்கு" என்றார். உடம்பெல்லாம் சேறு. குருவம்மாள்தான் அவருக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள்.

"நீரும் ஒரு கை பிடிச்சீரே" என்றாள் அவரிடம். பிறகு வெள்ளைத்தாயின் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, கையெல்லாம் கொப்புளம். விளக்கெண்ணெய் வச்சிருக்கேன், வீட்டுக்கு வா."

கிணறு உடனே தெளியவில்லை. குமிழிகள் ஒரு மாதத்தில் நின்றன. நாற்றம் போக ஐப்பசி மழை வேண்டியிருந்தது. அதுவரை பீப்பாய் வண்டி வந்துகொண்டுதான் இருந்தது. வண்டிக்கு ராஜா கணக்குக் கேட்டதில்லை. கொப்பரைகளை அவர் திரும்ப எடுத்துப் போனார். துணியை மடித்துக் கட்டுகிற வேலைக்கு ராஜபாளையத்துக்கே வரச் சொன்னார். பதினோரு பெண்களில் வெள்ளைத்தாய் உட்பட ஏழு பேர் காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்பினார்கள். மற்ற நாலு பேருக்கும் ரயில் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் மறுபடியும் காட்டுக்குப் போனார்கள். கார்டு சந்தோஷமாக இருந்தான் என்று கேள்வி.

முதல் துளை மட்டும் ஆறு அடுப்புக்கும் தீ கொடுத்துக்கொண்டிருந்தது. ஆறு நாலாகி, நாலு இரண்டாகி, தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், வெள்ளைத்தாய் பருப்பை ஏற்றி வைத்திருந்தபோது, அது சிணுங்கிவிட்டு அணைந்தது. மறுபடி பற்றவைத்தாள். குச்சிதான் எரிந்தது. பருப்பு அரைவேக்காடு.

"போயிட்டா?" என்றான் சமுத்திரம்.

"போயிட்டு."

அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. அந்தப் பருப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் விறகடுப்பில் வேகவைத்தாள்.

தோட்டத்தில் உப்புத்தண்ணீர் பாய்ந்த பக்கம் கத்தரியும் வரவில்லை, கம்பும் வரவில்லை. இரண்டு பருவம் விதைத்துப் பார்த்து சமுத்திரம் கையைத் துடைத்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போகாத நாள், வெள்ளைத்தாய் முந்தானை நிறைய உடைமர விதைகளோடு வந்து, கருகிய நிலத்தில் குச்சியால் குழி போட ஆரம்பித்தாள்.

"கிறுக்குப் பிடிச்சிட்டா? தோட்டத்துல போய் முள்ளு மரத்தை வைக்க?"

"உப்புக்கும் சாகாது, வெயிலுக்கும் சாகாது. நாலு வருசத்துல விறகாகும். தெருவுக்கே போதும்."

"நாலு வருசமா?"

"ஆமா. சும்மா நிக்காதீக, அந்தக் கோடியில இருந்து நீங்க ஆரம்பிச்சு வாங்க."

சமுத்திரம் அவள் முந்தானையிலிருந்து ஒரு கை விதை அள்ளிக்கொண்டு எதிர்க்கோடிக்கு நடந்தான்.